பூட்டிய வாயிலும் வாடகைக் குடியும்

தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து சென்னைக்குக் குடிபெயரும் குடும்பங்கள் பல. 2023 ஜூனில் போடிநாயக்கனூரிலிருந்து சென்னைக்கு நேர் ரயில் ஓடத் தொடங்கியபின் பயணம் எளிதாயிற்று. வீடு கிடைப்பதுதான் எளிதாகவில்லை. உத்தமபாளையத்திலோ கம்பத்திலோ தெருவை ஒட்டிய வீட்டில் வளர்ந்த பிள்ளை, அங்கே அடுக்குமாடிக் குடியிருப்பின் காவலரிடம் பெயரெழுதிக் கொடுத்த பின்னரே உள்ளே போகிறான். பெயரைக் கேட்டவுடன் "வீடு முடிந்துவிட்டது" என்று சொல்லும் வாயில்களும் உண்டு.

வாயிற்காவலோடு கூடிய வாடகைக் குடியிருப்பு மேனாட்டார் நேற்றுக் கொணர்ந்த புதுமை என்று கருதுவோர் பழைய காஹிராவை நினைக்க வேண்டும். மம்லூக் சுல்தான் கான்ஸூஹ் அல்கூரீ ஹிஜ்ரி 909–910இல் (கி.பி. 1504–05) அல்அஸ்ஹருக்கு அருகே எழுப்பிய வகாலா இன்றும் நிற்கிறது. நடுவே முற்றம், கீழே வணிகரின் சரக்கறைகள், மேல்மாடிகளில் வாடகைக் குடியிருப்புகள். இத்தகைய மாடிக் குடியிருப்பை 'ரப்உ' என்பர். அவற்றின் வாடகை பல இடங்களில் வக்ஃபாகி, பள்ளிவாசல்களையும் மதரஸாக்களையும் போஷித்தது. மாதவாடகையில் மாணவர் ஓதினர் என்றால் மிகையாகாது.

நகரின் 'ஹாரா' எனும் குடியிருப்புப் பகுதிகளுக்கும் வாயில்கள் இருந்தன. இரவில் அடைப்பர், 'பவ்வாப்' காவலிருப்பார். 1798இல் நெப்போலியனின் படை புகுந்தபோது அவ்வாயில்களைப் பெயர்த்தெடுக்க உத்தரவிட்டதை, அக்காலத்தே வாழ்ந்த வரலாற்றாசிரியர் அல்ஜபர்த்தீ பதிவு செய்துள்ளார். வாயிலை அந்நியப் படை அகற்றுவதும் வாயிலுக்குள் அண்டை வீட்டாரை விட மறுப்பதும் வெவ்வேறு காரியங்கள். முன்னது ஆதிக்கம். பின்னதற்கு என்ன பெயரிடுவது?

நம் நாட்டில் இக்கேள்வி நீதிமன்றம் வரை சென்றது. அஹமதாபாத்தில் பார்ஸிகளுக்கு மட்டுமே உறுப்புரிமை என விதி வகுத்த கூட்டுறவு வீட்டுச் சங்கத்தின் வழக்கில், அவ்விதி செல்லும் என்று 2005இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. சங்கம் சேரும் உரிமை அதற்கு ஆதாரமாயிற்று. அரசியல் சாசனத்தின் 15(2)ஆம் பிரிவு கடை, உணவகம், விடுதி, கிணறு, குளம் ஆகியவற்றில் மத வேறுபாட்டைத் தடுக்கிறது. வாடகை வீடு அப்பட்டியலில் இல்லை. தாம் விரும்பும் பகுதியில் வீடு வாங்கவோ வாடகைக்குப் பெறவோ முஸ்லிம்கள் இடர்ப்படுவதை 2006இல் சச்சார் குழுவின் அறிக்கையும் குறித்தது.

ஃபிக்ஹு நூல்கள் 'இஜாரா'வுக்கு வேண்டுவனவாகக் கூறுபவை தெளிவானவை: ஒப்பந்தம் செய்வோர் தகுதியுடையோராதல், பயன் அறியப்பட்டிருத்தல், காலமும் கூலியும் வரையறுக்கப்படுதல். குடியிருக்க வீடு கொடுப்போரும் எடுப்போரும் ஒரே மார்க்கத்தவராதல் நிபந்தனையன்று. "எந்த ஜமாஅத்?" என்று கேட்டுவிட்டு வாடகை பேசும் நம் வீட்டுக்காரர்களும் இதைக் கவனித்தல் நன்று, புகார் ஒருபக்கம் மட்டும் இருந்தால் அதற்கு எடையில்லை.

தமிழ்நாட்டில் 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நீக்கி, 2017இல் இயற்றிய புதுச்சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. எழுத்து ஒப்பந்தமும் வாடகை அதிகாரியிடம் அதன் பதிவும் அதில் கட்டாயம். குடியேறியவரின் உரிமைகளை அச்சட்டம் விரிவாகப் பேசுகிறது. வாயிலிலேயே திருப்பி அனுப்பப்பட்டவர் அதன் ஏடுகளில் எங்கும் காணப்படுவதில்லை.