பிரியும் வேளையைச் சொல்வது யார்?

1985-ஆம் ஆண்டு. ஆரணியில் நான் ஆசிரியப் பணி ஏற்ற புதிது. உயிரணு இரண்டாகப் பிரியும் முறையைக் கரும்பலகையில் வரைந்து விளக்கிக்கொண்டிருந்தேன். பட்டு நெசவாளர் வீட்டுச் சிறுவன் ஒருவன் எழுந்து, “சார், பிரியும் வேளை வந்துவிட்டது என்று அதற்குச் சொல்வது யார்?” என்று கேட்டான். “பாடத்தில் இல்லாததைக் கேளாதே, உட்கார்” என்றேன். எனக்கு விடை தெரியாது என்பதே உண்மை. அன்றுமுதல் அவன் என் வகுப்பில் கை உயர்த்தவே இல்லை.

அவன் கேட்ட வினாவுக்கு விடையின் முதற்பகுதி பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே அச்சேறியிருந்தது. அதைக் கண்டவருள் ஒருவர் நம் நாட்டில் பிறந்த பொட்டு நரசிம்ம ராவ். அவரும் ராபர்ட் ஜான்சன் என்பாரும் அமெரிக்காவில் ஆய்வு நிகழ்த்தி, 1970-இல் ‘நேச்சர்’ இதழில் முடிவுகளை வெளியிட்டனர்.

வெவ்வேறு நிலையிலுள்ள இரண்டு மனித உயிரணுக்களை ஒன்றாக இணைத்துப் பார்ப்பதே அவர்களுடைய சோதனை. டி.என்.ஏ.வைப் படியெடுத்துக்கொண்டிருந்த உயிரணுவோடு, அவ்வேலையைத் தொடங்காத ஒன்றை இணைத்தனர். பின்னதும் விரைந்து தொடங்கிற்று. பிரிந்துகொண்டிருந்த உயிரணுவோடு இணைத்தபோது, மற்றதன் குரோமோசோம்கள் உரிய காலத்துக்கு முன்பே திரண்டன. படியெடுத்து முடித்திருந்ததோ, தன்னோடு இணைந்தது முடிக்கும்வரை பிரியாமல் காத்திருந்தது! ஆணையிடும் பொருள் உயிரணுவுக்குள்ளேயே உலவுகின்றது என்பது இவற்றால் புலனாயிற்று.

அப்பொருள் யாது? லீலண்ட் ஹார்ட்வெல், பால் நர்ஸ் ஆகியோர் ஈஸ்ட் உயிரணுக்களில் அதற்குரிய மரபணுக்களைக் கண்டனர். அத்தகைய மரபணு மனிதரிடமும் உண்டென 1987-இல் நர்ஸ் குழுவினர் நிறுவினர். அது ஆக்கும் புரதமே கைனேஸ். 1982-இல் டிம் ஹண்ட், கடல் முள்ளெலியின் முட்டைகளில், பிரிவுக்கு முன் பெருகிப் பிரியும்போது அழியும் புரதத்தைக் கண்டு ‘சைக்ளின்’ எனப் பெயரிட்டார். இம்மூவருக்கும் 2001-இல் நோபல் பரிசு கிடைத்தது. ராவின் பெயர் அப்பட்டியலில் இல்லை.

நம் ஊர்த் தறியைக் கொண்டு இதனை விளங்கிக்கொள்வோம். கைனேஸ் தறி போன்றது. எப்போதும் இருக்கும், தானாக ஓடாது. சைக்ளின் நெசவாளர் போன்றது. அது வந்து சேர்ந்தால்தான் கைனேஸ் பிற புரதங்களில் பாஸ்பேட்டை ஒட்டி அவற்றை வேலையில் ஏவும். பாவில் இழை அறுந்தால் நெசவாளர் தறியை நிறுத்தி, முடிச்சிட்ட பின்னரே தொடர்வார் அன்றோ? டி.என்.ஏ.வில் பழுது நேர்ந்தாலும் அவ்வாறே. பி-21 என்னும் புரதம் கைனேஸைத் தடுத்து நிறுத்தும். இத்தகைய தடைகள் கெட்டு, அறுந்த இழையோடு தறி ஓடிக்கொண்டே இருப்பதுதான் புற்றுநோய்.

நோயின் வழி தெரிந்தமையால் மருந்துக்கும் வழி பிறந்தது. இவ்வகைக் கைனேஸ்கள் இரண்டை அடக்கும் பால்போசிக்ளிப் என்னும் மருந்து, மார்பகப் புற்றுநோயின் ஒரு வகைக்கு 2015-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. நோயை அது வேரோடு களைவதில்லை. அதன் வளர்ச்சியைத் தாமதப்படுத்துகின்றது.

அன்று நான் அமர வைத்த சிறுவன் இன்று ஐம்பதைக் கடந்திருப்பான். அவன் கேட்டதும் ராவ் கேட்டதும் ஒரே வினா. மாணவர்களே, பாடத்தில் இல்லாததைக் கேளுங்கள். விடை தெரியாத ஆசிரியர், “தெரியாது; சேர்ந்து தேடுவோம்” என்று சொல்லட்டும். நான் அதைச் சொல்லத் தவறினேன்.