புல்லுல குதிக்கிறது யாரு? புகையான் குடும்பத்தை அடையாளம் காணும் வழி

செண்பகத்தோப்புக்குப் போறவங்க எல்லாரும் அண்ணாந்துதான் பார்ப்பாங்க, சாம்பல் நிற அணில் கண்ணுல படாதான்னு. ஒரு நிமிஷம் கீழேயும் பாருங்க. ஓடையோரப் புல்லில் கால் வைத்ததும் அரிசிக் குருணை அளவில் ஏதோ தெறித்துக் குதிக்கும். அது யாருன்னு கண்டுபிடிக்க உங்க மொபைல் கேமராவும் ஒரு சின்ன லென்ஸும் போதும்.

தமிழில் பலதுக்கும் 'தத்துப்பூச்சி'ன்னே பேர் வெச்சிருக்கோம். பச்சைத் தத்துப்பூச்சி ஒரு குடும்பம்; வெண்முதுகுத் தத்துப்பூச்சி வேற குடும்பம். இரண்டாவதுதான் நெல் விவசாயிகள் பயப்படும் புகையானின் சொந்தக்காரன். அறிவியல் பெயர் டெல்ஃபாசிடே.

மேலிருந்து படம் எடுக்காதீங்க, பக்கவாட்டில் எடுங்க. முதலில் உணர்கொம்பு. கண்ணுக்குக் கீழே, கன்னத்தில் ஒட்டின மாதிரி தடிமனான சின்னக் குமிழ், அதிலிருந்து ஒரு மெல்லிய முடி நீட்டியிருந்தால் புகையான் பக்கம் வந்துட்டீங்க. இலைத்தத்துப்பூச்சிக்கு அது இரு கண்களுக்கும் நடுவே, வெறும் முடி மாதிரி இருக்கும். அடுத்து பின்னங்கால். இலைத்தத்துப்பூச்சிக்கு சீப்புப் பல் போல வரிசையா முட்கள். புகையான் குடும்பத்துக்கோ கால் நுனியில், சேவல் முள் மாதிரி அசையக்கூடிய ஒரே ஒரு பெரிய முள். இது தெரிஞ்சா சந்தேகமே வேண்டாம்.

வெண்முதுகுத் தத்துப்பூச்சி சுமார் 4 மி.மீ. இருக்கும், இறக்கைகள் தொடங்கும் இடத்தில், முதுகு நடுவே வெளிர் பட்டை ஓடும். உடம்பு முழுக்கப் பழுப்புன்னா புகையானாக இருக்கலாம். அரை இறக்கையோட இருந்தா குஞ்சுன்னு முடிவு பண்ணிடாதீங்க. குட்டை இறக்கையோடவே வளர்ந்த பூச்சிகளும் உண்டு. அவை இருந்த இடத்திலேயே முட்டையிட்டுப் பெருகும். கூட்டம் நெரிஞ்சு சாறு குறைஞ்சா, அடுத்த தலைமுறை நீள இறக்கையோட வந்து பறந்துடும்.

இவ்வளவு நுணுக்கம் எதுக்கு? வயலில் பேர் தப்பினால் மருந்தும் தப்பும். புகையான் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, தூரில் உட்கார்ந்து சாறு உறிஞ்சும். பயிர் வட்ட வட்டமாகப் புகைந்தது போலக் காயும். பதறிப்போய் கண்டபடி மருந்தடிச்சா, அதைத் தின்னும் சிலந்தியும் சேர்ந்து சாகும், புகையான் முன்னைவிடப் பெருகும். இதை உணர்ந்துதான் இந்தோனேசியா 1986-ல் நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்தது. நம்ம ஊர் பரிந்துரையிலும் சிலந்திக்குக் கணக்கு உண்டு. சிலந்தி இல்லாத வயலில் தூர் ஒன்றுக்கு ஒரு பூச்சி வந்தாலே நடவடிக்கை. குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம். எட்டடிக்கு ஓரடி பட்டம் விட்டு நடுவதும் இதுக்காகத்தான். வெளிச்சமும் காற்றும் தூர் வரை போகணும்.

சுவாரஸ்யம் என்னன்னா, உலகம் முழுக்கப் புகையானைத் தாங்கும் நெல்லுக்கு அளவுகோலா வைக்கிற பி.டி.பி. 33, பக்கத்து கேரளாவின் பட்டாம்பியில் வந்த ரகம். எளிதில் சாகும் ரகத்துக்கு அளவுகோல் டி.என். 1. பயப்படாதீங்க, அது தமிழ்நாடு இல்ல, தைவானின் தைச்சுங் நேட்டிவ்!

செண்பகத்தோப்பு காடு 2021-லிருந்து புலிகள் காப்பகம். அதனால பூச்சியைப் பிடிக்க வேண்டாம், படம் மட்டும். பக்கவாட்டில் ஒண்ணு, முதுகுப்புறம் ஒண்ணு, அது உட்கார்ந்திருந்த புல்லின் கதிரோட ஒண்ணு. இந்தக் குடும்பத்தில் பல இனங்களை ஆண் பூச்சியின் இனப்பெருக்க உறுப்பை மைக்ராஸ்கோப்பில் பார்த்துதான் பிரிக்க முடியும். எந்தப் புல் என்று தெரிந்தால் பட்டியலாவது சுருங்கும்.