நெகட்டிவில் ஓடிய பென்சில்

1855இல் பாரிஸில் நடைபெற்ற உலகக் கண்காட்சியில், மியூனிக் நகரத்துப் புகைப்படக் கலைஞர் ஃபிரான்ஸ் ஹான்ஃப்ஸ்டெங்கல் ஒரே முகத்தின் இரு படங்களைக் காட்சிக்கு வைத்தார். ஒன்று எடுத்தபடியே இருந்தது. மற்றொன்று நெகட்டிவில் திருத்தப்பட்டது. கண்டோர் வியந்தனர்.

இத்திருத்தத்தை வெறும் பொய் என்று தள்ளிவிட இயலாது. அக்காலத்துக் கொலோடியன் தகடு நீல ஒளியையே பெரிதும் உணரும். சிவப்பை ஏறக்குறைய உணராது. ஆகவே கன்னத்துச் செம்புள்ளிகள் கண்ணுக்குத் தெரிவதைவிடக் கருமையாகப் பதிந்தன. அச்சில் கறுப்பாக விழும் இடம் நெகட்டிவில் தெளிவாக, மெலிதாக இருக்கும். அதைக் கூரிய பென்சிலால் நிரப்பினால் அச்சில் வெளுத்துவிடும். தகட்டின் பிழையைத் திருத்தப் புகுந்த பென்சில் அத்துடன் நிற்கவில்லை. நெற்றிச் சுருக்கத்தை அழித்தது. கண்ணடிக் குழியை நிரவியது. முடிவில் முகம் பீங்கான் பொம்மையாயிற்று. 1990இல் ஃபோட்டோஷாப் வெளிவந்தபோது கருவிதான் மாறியது, ஆசை பழையதே.

மறைந்தவரின் படம் ஒன்றே எஞ்சியிருக்கும் வீட்டில், அழிக்கப்பட்ட சுருக்கத்தை யாரிடம் கேட்டுப் பெறுவது?

ஜூலியா மார்கரெட் கேமரன் இவ்வழக்கத்திற்கு உடன்படவில்லை. 1867இல் அவர் எடுத்த வானியல் அறிஞர் ஜான் ஹெர்ஷலின் படத்தில் சுருக்கங்கள், கலைந்த நரைமுடி, களைத்த கண்கள் எல்லாம் உள்ளன. 'நெகட்டிவ்' என்னும் சொல்லைப் புகைப்படக் கலைக்கு வழங்கியவர் அந்த ஹெர்ஷல்தான். 75 வயதில் எப்படி இருந்தாரோ, அப்படியே அவர் நமக்குக் கிடைத்திருக்கிறார்.