மலையைப் படிக்கப் போகும் பிள்ளைகள்

ஆனந்த குமாரசுவாமியை எங்கள் கலைப்பீடத்தில் தெரியாதவர்கள் குறைவு. சிவ நடனத்தைப் பற்றி எழுதியவர், மத்தியகாலச் சிங்களக் கலையைப் பற்றி 1908இல் பெரிய நூல் போட்டவர் என்று குறிப்பெடுத்துப் பாடமாக்கியிருக்கிறோம். அவர் முதலில் படித்தது புவிச்சரிதவியல் என்பதைத்தான் யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிய அளவைக்கு அவர்தான் முதல் பணிப்பாளர். 1904இல் தோரியனைட் என்ற கனியத்தை அடையாளம் காண அவர்தான் காரணம். இந்த நாட்டுக் கல்லையும் கனியத்தையும் ஆராய்ந்துதான் 1906இல் லண்டன் பல்கலைக்கழகத்தில் டி.எஸ்சி. பட்டம் வாங்கினார்.

அப்படியென்றால், தமிழ்த் தகப்பனுக்குப் பிறந்த ஒருவர் இலங்கை மண்ணைப் படித்து உயர்பட்டம் வாங்கி 120 வருடம் ஆகிவிட்டது. பிறகு ஏன் இன்றைக்கும் ஒரு தோட்டத்துப் பிள்ளை புவிப்பௌதிகத்தில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கிறது என்றால் நாங்கள் ஆச்சரியப்படுகிறோம்?

குமாரசுவாமியின் தகப்பன் சேர் பட்டம் வாங்கியவர், தாய் ஆங்கிலேயப் பெண்மணி. பள்ளிக்கூடமும் பல்கலைக்கழகமும் இங்கிலாந்தில். அவர் குதிரையிலும் வண்டியிலும் நாட்டைச் சுற்றிக் கல் பார்த்த அதே வருடங்களில், ஊவா மலைகளில் எங்கள் பாட்டன் பூட்டன்மார் தேயிலைக்குக் குழி வெட்டினார்கள், கான் வெட்டினார்கள். எந்தச் சரிவில் மண் இளகும், எந்தப் பீலியில் எந்த மாதம் தண்ணி குறையும் என்று அவர்களுக்குத் தெரியும். அதை எழுதி வைக்கத்தான் எழுத்து இல்லை.

எழுத்து வந்ததும் மெதுவாகத்தான். தோட்டப் பள்ளிக்கூடம் என்றால் பெரும்பாலும் ஒரே அறை, ஒரே வாத்தியார், ஐந்தாம் வகுப்போடு முடிவு. 1948இன் குடியுரிமைச் சட்டம் எங்கள் ஆட்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பங்கு பிரித்தது. தோட்டப் பள்ளிகளை அரசாங்கம் கையேற்கத் தொடங்கியதே 1970களின் கடைசியில். நாடு இலவசக் கல்வியில் முப்பது வருடம் ஓடிய பிறகு நாங்கள் தொடக்கக் கோட்டுக்கு வந்தோம்.

புவிப்பௌதிகத்துக்கு வாசல் உயர்தரத்தில் இருக்கிறது. இணைந்த கணிதமும் பௌதிகமும் வேண்டும். அந்த இரண்டையும் தமிழில் படிப்பிக்க ஆசிரியர் இல்லாத பாடசாலையில் பிள்ளை என்ன செய்யும்? கலைப் பிரிவுக்குத்தான் வரும். எங்களில் பல பேர் கலைப்பீடத்துக்கு வந்ததும் இப்படித்தான். வரலாறு எங்களுக்குப் பிடிக்கும். ஆனால் பிடித்ததால் மட்டும் எடுக்கவில்லை. பின்தங்கிய மாவட்டம் என்று பதுளைக்கு மேலதிக ஒதுக்கீடு இருக்குதுதான். ஆனால் அந்த ஒதுக்கீட்டைப் பிடிக்க முதலில் அந்தப் பாடத்தை எடுத்திருக்க வேண்டுமே.

இதை வெறும் வேலைவாய்ப்புக் கதையாகப் பார்க்க முடியாது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தைக்குப் பக்கத்தில் மீரியபெத்தவில் மலை சரிந்து லயங்களை மூடியது. 2005இலும் 2011இலும் அந்த இடம் ஆபத்து என்று எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. அறிவு இல்லாமல் இல்லை. அது காகிதத்தில் இருந்தது. "வெளியேறுங்கள்" என்றால் எங்கே போவது? லயத்துக் காம்பராவும் அதைச் சுற்றிய நிலமும் தோட்டத்துடையது. வேலையும் வீடும் ஒரே கையில் இருக்கிற மனிதனுக்கு எச்சரிக்கைக் காகிதம் மட்டும் போதாது.

அதே வருடக் கடைசியில் பண்டாரவளைப் பக்கம் இன்னொன்று நடந்தது. உமா ஓயாத் திட்டத்துக்காக நிலத்தடியில் சுரங்கம் குடைந்தபோது தண்ணி பெருகி உள்ளே பாய்ந்தது. மேலே கிணறுகள் வற்றின, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலில் பதுளை மலைகள் மறுபடியும் சரிந்தன.

புவிப்பௌதிகம் இந்த இடத்தில்தான் எங்கள் வீட்டு விஷயமாகிறது. நிலத்தில் கம்பிகளை ஊன்றி மின்சாரம் செலுத்திப் பார்ப்பார்கள். ஈரமான களிமண்ணில் மின்சாரம் இலகுவாக ஓடும், காய்ந்த பாறையில் ஓடாது. அந்த வித்தியாசத்தை வைத்து, தோண்டாமலே, தண்ணி எங்கே தேங்குது, மண் எந்த மட்டத்தில் வழுக்கலாம் என்று கணிக்கலாம். கான் அடைபட்டால் மழைத்தண்ணி வழிந்தோடாமல் மண்ணுக்குள் இறங்கும் என்று எங்கள் ஆட்கள் சொல்வதைத்தான் அந்தக் கருவி படமாகக் காட்டுது.

எங்களோடு படித்த ஒரு தோட்டத்துப் பிள்ளை பௌதிகம் முடித்து இப்போது இதற்கு விண்ணப்பிக்கிறாள். புவிப்பௌதிகத்துக்குப் பௌதிக, கணிதப் பட்டதாரிகளையும் எடுப்பார்கள் என்பதே எங்களுக்குப் புதுச் செய்தி. அமெரிக்காவில் கலாநிதிப் படிப்புக்குச் சேர்ந்தால் பெரும்பாலும் கட்டணம் கட்டத் தேவையில்லை, உதவித்தொகையும் கிடைக்கும். அதற்கு முன்பே பேராசிரியருக்கு எழுதி அவர் ஆய்வில் இடமிருக்கா என்று கேட்க வேண்டும். ஆனால் ஒரு விண்ணப்பத்துக்கு 75 டொலர் அளவில் கேட்கிற பல்கலைக்கழகங்கள் பல. 2024இல் நிர்ணயித்திருந்த 1,350 ரூபா நாட்சம்பளத்தில் அது பதினாறு நாள் கொழுந்துக்கு மேலாக இருந்தது. கட்டண விலக்குக் கேட்கலாம் என்பதைக்கூட யாராவது சொல்லித்தான் தெரிய வேண்டியிருக்கு.

விண்ணப்பத்தில் "ஏன் இந்தத் துறை?" என்று கேட்கிறார்கள். அவள் மீரியபெத்தவை எழுதினாள். சோகக் கதையாக எழுதாதே, கேள்வியாக எழுது என்று நாங்கள் சொன்னோம்: அந்தச் சரிவில் தண்ணி எப்படி இறங்கியது, அடுத்த சரிவில் அதை முன்கூட்டியே எப்படி அளப்பது? வரலாறு படிக்கிறவர்களால் ஒரு பௌதிகக்காரிக்குச் செய்ய முடிந்த உதவி அவ்வளவுதான்.

அவள் போய்ப் படித்து வந்தாலும், காணி உரிமை இல்லாதவரை எச்சரிக்கை காகிதமாகத்தான் கிடக்கும். அது தெரியாமல் இல்லை. ஆனால் அடுத்த அறிக்கையை எழுதுகிறவர் லயத்தில் மழை கேட்டு வளர்ந்தவராக இருந்தால், "வெளியேறுங்கள்" என்பதற்குக் கீழே "எங்கே?" என்ற வரியும் எழுதப்படும். அதற்கு ஒரு பிள்ளை போதாது. ஊவாவின் தமிழ்ப் பாடசாலைகளில் உயர்தரக் கணித வகுப்புகள் வேண்டும், அவற்றுக்கு வாத்தியார்மார் வேண்டும். எங்கள் கோரிக்கை அதுதான்.