கிளைக் குழாயில் பிறந்த ஓசை

வெறும் சீசாவின் வாயோரமாக ஊதினால் அது கூவும். இவ்வேடிக்கையைச் செய்து பாராத சிறுவர் அரியர். அச்சீசாவை ஒரு பெரிய குழாயின் பக்கத்தில் பொருத்திக் குழாயினுள்ளே காற்றை ஓடவிட்டாலும் அது கூவக்கூடும். இந்த எளிய உண்மையைக் கணக்கில் அடக்க அறிஞர் பட்ட பாடு பெரிது.

1833ஆம் ஆண்டில் ஆங்கில வானநூலறிஞர் ஜான் ஹெர்ஷல் ஒரு கருத்தை வெளியிட்டார். இரு கிளைகளாகப் பிரிந்து மீண்டும் கூடும் குழாயில் ஒலியைச் செலுத்த வேண்டும். ஒரு கிளை மற்றதைவிட அரை அலைநீளம் மிகுந்திருக்க வேண்டும். அப்போது கூடுமிடத்தில் ஓரலையின் மேடும் மற்றதன் பள்ளமும் சந்தித்து ஒலி அவிந்துவிடும் என்பது அவர் கருத்து. ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்கிறது. எனவே, நொடிக்கு 340 முறை அதிரும் சுரத்தின் அலைநீளம் 1 மீட்டர். கிளைகளின் வேறுபாடு அரை மீட்டராயின் அச்சுரம் மறையும். 1866இல் ஜெர்மானிய அறிஞர் குயின்கே இதனைச் சோதனையால் மெய்ப்பித்தார்.

ஆயின், இக்கணக்கு அசையாத காற்றுக்கே உரியது. காற்று நொடிக்கு 34 மீட்டர் வேகத்தில் ஓடுமானால், அதனோடு செல்லும் ஒலியின் வேகம் 374 மீட்டர். எதிர்த்துச் செல்லும் ஒலிக்கோ 306 மீட்டர்தான். மேலும், கிளையின் வாயில் ஓட்டம் விளிம்பைவிட்டு விலகிச் சுழல்களை உதிர்க்கின்றது. சுழல்கள் உதிரும் தாளம் கிளையின் இயற்கை அதிர்வோடு இசைந்துவிட்டால், ஓட்டத்தின் ஆற்றலே ஒலியாகப் பெருகும். கொந்தளிக்கும் ஓட்டம் தானே ஒலியைப் பிறப்பிக்கும் வகையை, ஜேம்ஸ் லைட்ஹில் 1952இல் சமன்பாடுகளால் விளக்கினார்.

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்திலுள்ள குவாட் சிட்டீஸ் அணுமின் நிலையம் இதற்கு ஒரு பெரும் பாடமாயிற்று. 2002இல் அங்கு இரண்டாம் உலையின் ஆற்றல் உயர்த்தப்பட்டது. நீராவி முன்னிலும் விரைந்து ஓடியது. சில மாதங்களுக்குள் உலையினுள்ளிருந்த நீராவி உலர்த்தி பழுதுற்றது. பின்னரும் அதில் விரிசல்கள் கண்டன. நீராவிக் குழாய்களில், காப்பு வால்வுகளைத் தாங்கிய மூடிய கிளைகள் சீசாவைப்போல் கூவியதே முக்கிய காரணமென ஆராய்ச்சியில் தெரிந்தது.

இத்தகைய தீங்கை முன்னறியவே பொறியியலார் கணினியில் ஓட்டத்தையும் ஒலியையும் போலச் செய்து பார்க்கின்றனர். ஓட்டத்தின் ஆற்றலோடு ஒப்பிட்டால் ஒலியின் ஆற்றல் மிகச் சிறிது. கணக்கில் நேரும் சிறு பிழையே ஒலியை விழுங்கிவிடக்கூடும். ஆதலால் முதலில் ஓட்டத்தைக் கணித்து, பின்னர் அதன்மேல் ஊரும் ஒலியைத் தனியே கணிப்பது ஒரு முறை. அதிலும் கிளை வாயிலின் சுழல்களை விட்டுவிட்டால், கூவும் கிளையைக் கணக்கு ஊமையென்று காட்டிவிடும்.

குவாட் சிட்டீஸ் கூவலுக்கு மருந்தும் கிளையிலேயே கிடைத்தது. 2006இல் அவ்வால்வுக் கிளைகளோடு ஒலியைத் தணிக்கும் சிறு பக்கக் குழாய்கள் இணைக்கப்பட்டன. கிளையால் ஒலியை அவிக்கலாம் என்று ஹெர்ஷல் கூறி அப்போது 173 ஆண்டுகள் ஆகியிருந்தன. கிளை கூவுவதும் அடங்குவதும் அதன் வாயைக் கடக்கும் ஓட்டத்தைப் பொறுத்தது. குழாயை அளப்போர் அதனுள் ஓடுவதையும் அளக்க வேண்டும்.