எண் இருக்கிறது, இடம் எங்கே?

1893ஆம் ஆண்டில் கண்டிப் பகுதியில் இரண்டு காரியங்கள் நடந்தன. இந்தியா, பர்மா, இலங்கை ஆகிய நாடுகளுக்குக் குருக்களைப் பயிற்றுவிக்கப் பாப்பரசர் 13ஆம் சிங்கராயர் ஒரு குருமடம் நிறுவினார். அது அம்பிட்டியவில் நிலைகொண்டது. அதே ஆண்டில், பேராதனைத் தாவரவியல் பூங்காவின் பணிப்பாளர் ஹென்றி டிரைமன் இலங்கைத் தாவரங்கள் பற்றிய தம் கைந்நூலின் முதற்பாகத்தை வெளியிட்டார்.

குருமடம் அமையப் பாடுபட்ட பாப்பரசரின் தூதர் லடிஸ்லாஸ் சலெஸ்கிக்குச் செடிகள் மேல் தீராத ஆசை. அவர் வரைந்த ஆசியத் தாவரப் படங்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தன. குருமடம் 1955இல் புனேக்குப் போனது. அம்பிட்டியவில் இன்று இருப்பது இலங்கையின் தேசிய குருமடம். படங்களோ வார்சா பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன.

ஆய்வுக்காகச் சேர்த்த ஒன்று யாருடையது? சேர்த்தவர் போனபின் அதை யார் காப்பது? எந்தெந்தக் குறிப்புகளோடு வைப்பது? இவற்றுக்கு விடையாகத்தான் பல்கலைக்கழகங்கள் இப்போது ‘ஆய்வுத் தரவு முகாமைத்துவக் கொள்கை’ எழுதுகின்றன. பிரித்தானியாவில் எடின்பரோ பல்கலைக்கழகம் 2011இல் அப்படியொரு கொள்கையை ஏற்று மற்றவர்களுக்கு வழிகாட்டியது. அந்தக் கேள்விகளை அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்பதைப் பேராதனை 19ஆம் நூற்றாண்டிலேயே பட்டறிந்திருந்தது.

அதற்கும் முந்திய கதை ஒன்று உண்டு. 1670களில் ஒல்லாந்தக் கம்பனியின் மருத்துவராக இலங்கைக்கு வந்த பவுல் ஹெர்மன் செடிகளை உலர்த்தித் தொகுப்பேடுகளில் ஒட்டிவைத்தார். அவர் இறந்தபின் அவை கைமாறிக் கண்மறைந்தன. 1740களில் டென்மார்க்கில் ஒரு மருந்துக் கடைக்காரரிடம் அகப்பட்டு, தாவரவியலாளர் லின்னேயஸின் பார்வைக்குச் சென்றன. அவற்றை வைத்தே அவர் 1747இல் இலங்கைத் தாவர நூலை எழுதினார். ஏடுகள் இன்று லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளன. அவை தப்பியது தற்செயல்.

1849இல் பேராதனைப் பொறுப்பை ஏற்ற ஜோர்ஜ் த்வெய்ட்ஸ் எதையும் தற்செயலுக்கு விடுபவரல்லர். உலர்ந்த மாதிரிகளுக்கு ‘சி.பி.’ (சிலோன் பிளான்ட்ஸ்) என்ற எழுத்துகளோடு எண்ணிட்டு, ஐரோப்பாவின் பெரிய உலர்தாவரகங்களுக்கெல்லாம் பிரதிகள் அனுப்பினார். ஓரிடத்தில் தீப்பற்றினாலும் இன்னோரிடத்தில் பிழைக்கும். இன்றைய கணினிக்காரர் மெச்சும் ஏற்பாடு!

ஆனால் அந்த எண் எதைக் குறித்தது என்பதில்தான் சிக்கல். ஒரு நாளில் ஓரிடத்தில் ஒருவர் பறித்ததற்கு ஓர் எண் என்பது தாவரவியலாளர் எதிர்பார்ப்பது. த்வெய்ட்ஸோ ஓர் இனத்துக்கு ஓர் எண் கொடுத்தார். அவருக்கு முன்பிருந்த கார்ட்னர் பறித்ததும், த்வெய்ட்ஸின் ஆட்கள் வேறொரு மலையில் வேறோர் ஆண்டில் பறித்ததும் ஒரே எண்ணுக்குள் அடங்கின. பேராதனையில் இருந்த தாள்களிலாவது இடங்களும் பெயர்களும் குறிக்கப்பட்டிருந்தன. வெளிநாடு சென்ற பல பிரதிகளில் எண் மட்டுமே போனது. பிற்காலத்தில் ஓர் இனத்தின் மூலமாதிரி (அதற்குப் பெயரிட ஆதாரமான மாதிரி) எதுவெனத் தேடியவர்கள் ஒவ்வொரு தாளாகப் புரட்டிக் கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருந்தது.

1880இல் வந்த டிரைமன் பழைய முடிச்சுகளை அவிழ்க்கத் தொடங்கினார். ஹெர்மனின் ஏடுகளை லின்னேயஸின் நூலோடு ஒப்பிட்டு 1887இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். கைந்நூலின் மூன்று பாகங்களை முடித்துவிட்டு 1896இல் பேராதனையிலேயே காலமானார். மீதி வேலையை எண்பது வயதைத் தாண்டிய தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் இங்கிலாந்தில் இருந்தபடி 1900இல் நிறைவுசெய்தார். சேகரிப்பு ஒழுங்காக இருந்தால் ஒருவர் விட்ட இடத்திலிருந்து இன்னொருவர் எடுத்துச்செல்ல முடியும் என்பதை அந்த ஐந்து பாகங்கள் காட்டின.

படம் வரைந்தவர்களையும் சொல்ல வேண்டும். 1820களில் பூங்காவில் சேர்ந்த ஹர்மானிஸ் டி அல்விஸும் பின்னர் அவருடைய மக்களும் தலைமுறை கடந்து வரைந்தார்கள். பணிப்பாளர்கள் மாறினார்கள், படங்கள் பேராதனையிலேயே தங்கின.

1960களின் இறுதியில் பேராதனைப் பல்கலைக்கழகமும் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனமும் சேர்ந்து டிரைமனின் நூலைத் திருத்தி எழுதும் பணியில் இறங்கின. தாவரவியல் பேராசிரியர் தசநாயக்கவும் பொஸ்பர்க்கும் பதிப்பித்த முதல் தொகுதி 1980இல் வெளிவந்தது. சேகரித்தவர் பெயர், எண், மாவட்டம், இடம் எல்லாம் அதில் இனவாரியாக அச்சாயின. த்வெய்ட்ஸின் எண்ணில் இல்லாதவை இவைதாம்.

இன்றைய கொள்கைகள் கேட்பதும் ஏறக்குறைய இதையே. 2016இல் வெளியான ‘ஃபேர்’ கோட்பாடுகள், தரவைத் தேடினால் கிடைக்கவும், எடுத்துப் பார்க்கவும், பிற தரவோடு பொருந்தவும், மீண்டும் பயன்படவும் வேண்டும் என்கின்றன. எடின்பரோவின் கொள்கை முதற்பொறுப்பை ஆய்வுத் தலைவர் மேல் வைத்து, சேமிக்கும் வசதியைப் பல்கலைக்கழகத்தின் கடமையாக்கியது. இலங்கையில் ஆளைப் பற்றிய தரவுக்கு 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் உண்டு; செடியைப் பற்றிய தரவு அதற்குள் வராது.

இங்கேதான் த்வெய்ட்ஸ் காலத்தில் எழாத ஒரு சிக்கல் வருகிறது. வல்லப்பட்டை மரத்தின் நறுமணப் பிசினுக்கு வெளிநாட்டில் கிராக்கி. அதைக் கடத்த முயன்றவர்கள் கட்டுநாயக்க விமான நிலையத்தில் பலமுறை பிடிபட்டிருக்கிறார்கள். அம்மரம் நிற்கும் இடத்தை ஆய்வாளர் துல்லியமாகக் குறித்துத்தான் ஆக வேண்டும். அதை அப்படியே உலகத்துக்குத் திறந்துவைத்தால் கோடரிக்காரனுக்கும் வழி தெரிந்துவிடும். முழு இடக்குறிப்பை யார் பார்க்கலாம், யாருக்கு மாவட்டப் பெயர் மட்டும் போதும் என்பதையும் பல்கலைக்கழகக் கொள்கைதான் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.