லாயத்தைக் கட்டினது ஆர்?

போன வருசம் நண்பர்களோட நெடுந்தீவுக்குப் போனனாங்கள். குறிகட்டுவானில படகேறி, அந்தப் பக்கம் இறங்கி, ஓட்டோவில ஒரு சுற்று. பெருக்கமரம், கோட்டை, புறாக்கூடு எல்லாம் பார்த்து முடிய, ஓட்டோக்கார அண்ணை ஒரு வெளியில நிறுத்தினார். "இது ஒல்லாந்தர் கட்டின குதிரை லாயம்."

கூரை இல்லை. வரிசையாகத் தடித்த கல் தூண்கள் மட்டும். படம் எடுத்தம். பிறகுதான் யோசிச்சன்: குதிரைக்கு ஏன் இந்தத் தீவு?

போர்த்துக்கேயர் நெடுந்தீவைப் 'பசுக்களின் தீவு' என்று அழைத்தார்கள். மேய்ச்சல் நிலம் இருந்தது. சுற்றிவரக் கடலே வேலி. குதிரைகளைக் கொண்டுவந்ததும் அவர்கள்தான். 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் அந்த வளர்ப்பைப் பெருக்கினார்கள். 1795க்குப் பிறகு ஆங்கிலேயரும் தொடர்ந்தார்கள்.

கட்டடத்துக்கான பொருளும் தீவிலேயே கிடந்தது: முருகைக்கல். துளைகள் நிறைந்த, எடை குறைந்த கல். அதையே சூளையில் சுட்டால் சுண்ணாம்பு. ஆக, கல்லும் சாந்தும் ஒரே பொருளிலிருந்து. தூண்களுக்கு இடையில் காத்து தாராளமாக வந்துபோகும். வெக்கையான ஊரில் குதிரைக்கு அது முக்கியம்.

ஆனால் அந்தக் கல்லின் குணம் தெரிந்தவர்கள் ஒல்லாந்தில் இருந்து வந்தவர்களா? திரும்பி வரேக்க வீடுகளைப் பார்த்தன். வளவைச் சுற்றி அதே முருகைக்கல் வேலி. சாந்து இல்லை, கல்லுக்கு மேல கல்லு, அவ்வளவுதான். ஒரு அம்மா மாடு தட்டி விழுத்தின கல்லுகளைத் திருப்பி அடுக்கிக்கொண்டு நிண்டா.

"இதை ஆர் அம்மா பழக்கினது?"

"பழக்கிறதோ? விழுந்தா எடுத்து வைக்கிறதுதானே, பிள்ளை."

ஒல்லாந்தர் காலத்து யாழ்ப்பாணத்தில் 'ஊழியம்' என்ற கட்டாய வேலை இருந்தது. பாடத்தில் அதை ஒரு வரியாகப் படிச்சுப்போட்டுக் கடந்துவிடுகிறம். கல் தோண்டினவர், சூளை எரித்தவர், தலையில் சுமந்தவர் ஆருடைய பெயரும் அந்த ஓட்டோப் பயணத்தில் வரவில்லை. உத்தரவு போட்டவரின் பெயரிலேயே கட்டடம் நிக்குது.

குதிரை வளர்ப்பு நின்றுபோனதும் லாயம் பாழாச்சு. குதிரைகள் வெளியில் தாமாகத் திரியத் தொடங்கின. வேலிகள் மட்டும் இன்னும் நிக்குது, விழ விழ எடுத்து வைக்க ஆள் இருக்கிறபடியால்.

நெடுந்தீவுக்குப் போறனீங்கள் எண்டால் லாயத்தைக் கட்டாயம் பாருங்கோ. பிறகு ஓட்டோவை விட்டிறங்கி ஒரு வேலி ஓரமாகவும் கொஞ்சத்தூரம் நடவுங்கோ.